ஆகாயத்தில் ஓர் அஞ்சல் நிலையம் – விக்ரம் சாராபாய் வாழ்க்கை



ராக்கெட் என்றதும் நமக்கு அப்துல் கலாம் ஐயா நினைவுதான் வரும். அவர் ராமேஸ்வரத்துப் பிள்ளை, நம்ம கடற்கரைக்காரர். ஆனா அவரை நேர்முகத் தேர்வில் பார்த்து, ராக்கெட் வேலைக்கு எடுத்து, வளர்த்துவிட்டவர் ஒருத்தர் உண்டு. அவர்தான் இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை டாக்டர் விக்ரம் சாராபாய். அவரைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

பிறப்பும் படிப்பும்

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12-இல் குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால் பெரிய மில் முதலாளி. தாய் சரளா தேவி. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள்! வசதிக்குக் குறைவே இல்லை. மில்லைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனா அவர் மனசு விஞ்ஞானத்தில் இருந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய்ப் படித்தார். இரண்டாம் உலகப்போர் வந்ததால் ஊர் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்து காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-இல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியைத் திருமணம் செய்தார். போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே 1947 நவம்பரில், நாடு சுதந்திரம் பெற்ற மூன்றே மாதத்தில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயசு 28 தான்!

தேவாலயத்தில் ராக்கெட்

ராக்கெட் விட ஒரு இடம் வேண்டும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மேல் வளிமண்டலத்தை ஆராய வசதி. (இந்தக் கோடு நம்ம நெல்லைப் பக்கமும் போகிறது. அதனால்தான் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது.) திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே புனித மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேராவைப் பார்த்து இடம் கேட்டார். பிஷப் மக்களோடு பேசி இடத்தைக் கொடுத்தார். தேவாலயமே பணிக்கூடம் ஆனது. ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் மேலே போனது.

ஏழை நாட்டுக்கு இது தேவையா?

நிறையப் பேர் இப்படித்தான் கேட்டார்கள். சோத்துக்கே கஷ்டப்படும் நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு? சாராபாயிடம் இதுக்குத் தெளிவான பதில் இருந்தது. சந்திரனுக்குப் போகப் பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது அவர் நோக்கமே இல்லை. கிராமத்து விவசாயிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சேதி போய்ச் சேர வேண்டும், அதுக்கு விண்வெளி உதவ வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

எப்படின்னு கேக்குறீங்களா? பெருநாள் தொழுகையில் கூட்டம் அதிகமானால் மைக் இல்லாத இடத்தில் இமாம் சொல்லும் தக்பீர் கடைசி வரிசைக்கு எட்டாது. அப்போ நடுவில் ஒருவர் நின்று அதைக் கேட்டு, திரும்பச் சத்தமாகச் சொல்வார். பின்னால் உள்ளவர்களுக்கும் கேட்டுவிடும். இதுதான் அஞ்சல். ஆங்கிலத்தில் ரிலே என்பார்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தூரத்தில் உள்ளவரோடு பேச எல்லாரும் உரக்கக் கத்தினால் ஒருத்தர் பேச்சும் விளங்காது. நடுவில் ஆள் நிறுத்திவிட்டால் மெதுவாகப் பேசினாலே போதும். ஒரே நேரத்தில் பல பேர் பேசிக்கொள்ளலாம். வயர்லெஸ் கருவிகளுக்கும் இதே கணக்குத்தான்.

டி.வி. அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை, அதனால் கொஞ்ச தூரம் போனதும் அலை தரையை விட்டு மேலே போய்விடும். அதான் கொடைக்கானல் மலைமேல் அஞ்சல் நிலையம் வைத்தார்கள். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டினார்கள். இடையில் கடல் மட்டும் இருந்ததால் இலங்கை ரூபவாஹினி நம்ம கடற்கரைக்குத் தெரிந்தது. பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

நாடு முழுக்க இப்படிக் கோபுரம் கட்டிக்கொண்டே போனால் கடைசிக் கிராமத்துக்கு எப்போ போய்ச் சேருவது? சாராபாய் யோசித்தார். கோபுரத்தை ஆகாயத்திலேயே வைத்தால் என்ன? சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேர் மேலே சுற்றும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றும். நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அந்த ஒரே அஞ்சல் நிலையம் இந்தியா முழுவதையும் பார்க்கும்.

முதலில் 1967-இல் டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் டி.வி. வைத்து விவசாய நிகழ்ச்சி காட்டிப் பார்த்தார்கள். 1969 ஆகஸ்ட் 15-இல் இஸ்ரோ பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. ஒரு வருஷத்துக்கு அவர்கள் செயற்கைக்கோளை இந்தியாவுக்குத் தர வேண்டும், நிகழ்ச்சியும் தரைக் கருவிகளும் நம்முடையவை.

பார்க்காமலே போனவர்

1966-இல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு அணுசக்தித் துறையும் சாராபாய் தலையில் விழுந்தது. ஓய்வே இல்லாமல் உழைத்தார். 1971 டிசம்பர் இறுதியில் திருவனந்தபுரம் வந்திருந்தார். கலாம் ஐயா டெல்லியிலிருந்து போனில் அவரிடம் பேசியிருக்கிறார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திக்கலாம் என்று சாராபாய் சொல்லியிருக்கிறார். கலாம் வந்து இறங்கியபோது கிடைத்தது மரணச் செய்திதான். இதை அவரே ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். டிசம்பர் 30-இல் கோவளத்தில் சாராபாய் காலமானார். வயசு 52 தான்.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. தெரிந்தது. கோழிக்கூண்டுக்குப் போடுகிற மாதிரி கம்பிவலையில் 10 அடி அகல ஆண்டெனா செய்து வைத்தார்கள். வருஷம் முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஊர்களுக்கு ஆகாயத்திலிருந்து வந்த படம் நின்றுபோனது. இரவல் அஞ்சல் எத்தனை நாளைக்கு? நமக்கென்று சொந்தமாக வேண்டும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. 1982-இல் போன இன்சாட்-1ஏ சீக்கிரமே செயலிழந்தது. 1983-இல் போன இன்சாட்-1பி நன்றாக வேலை செய்தது. அதிலிருந்து வாங்கித் திரும்ப அனுப்பும் சிறு அஞ்சல் நிலையங்கள் ஊருக்கு ஊர் வந்தன.

நம்ம கடலுக்கு என்ன?

டி.வி. பார்ப்பதோடு இது முடியவில்லை. சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் இருந்து கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும். வயர்லெஸ் செட்டும் ஓரளவு தூரம்தான். அதுக்கு மேல் ஒரு படகு கேட்டு இன்னொரு படகுக்குச் சொன்னால்தான் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை.

கடலில் கோபுரம் கட்ட முடியாது. அங்கே ஆகாய அஞ்சல்தான் கை கொடுக்கும். ஆபத்தில் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் சேதி போகும் கருவியை இஸ்ரோ செய்தது. இது 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனா அதில் ஒரு குறை. சேதி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. இருட்டில் கூப்பிட்டவனுக்கு யாரும் பதில் கொடுக்காவிட்டால் எப்படி இருக்கும்! 2024-இல் அறிவிக்கப்பட்ட புதிய கருவியில் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். சேதி கிடைத்தது என்ற பதில் படகுக்கே திரும்பி வரும்.

இன்னொரு விஷயம். நம்ம பக்கத்து ஊர் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். குலசையிலிருந்து நேரே தெற்கே போகலாம், எரிபொருள் மிச்சம். தும்பா மீனவர்கள் இடம் கொடுத்து ஆரம்பித்த வேலை, இப்போது நம்ம வாசலுக்கு வந்திருக்கிறது.

தோழர்களே! சாராபாய் தான் கனவு கண்ட டி.வி. படத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வேலையைத் தொடரும் ஆட்களை உருவாக்கிவிட்டுப் போனார். தனக்குக் கிடைத்த அறிவை அடுத்தவருக்குச் சேர்த்தவர் அவர். இதைப் படித்தவர்கள் வீட்டில் வாப்பா, உம்மாவிடம், அப்பா, அம்மாவிடம், முக்கியமாகக் கடலுக்குப் போகும் மாமாக்களிடம் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லுங்கள். அப்போ நீங்களும் ஓர் அஞ்சல் நிலையம்தான்!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவர்கள்