பயாஸுக்குப் பேர் வைத்தவர்

லேபில் ஒரு கம்ப்யூட்டர். இன்ஸ்டலேஷன் சிடியைப் போட்டாலும் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பயாஸில் நுழைந்து, பூட் வரிசையில் சிடி டிரைவை முதலில் வைத்தேன். உடனே ஓடியது! இந்த ‘பயாஸ்’ யார் வைத்த பேர் என்று தேடினேன்.

கேரி கில்டால். 1942-ல் சியாட்டிலில் பிறந்தவர். மான்டரேயில் கடற்படைக் கல்லூரி ஆசிரியர். 1974-ல் சி.பி./எம். ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். மெஷினுக்கு மெஷின் மாறுகிற பகுதியை மட்டும் பிறகு தனியே பிரித்து, பயாஸ் என்றார். அதை மாற்றினால் போதும். மீதி எந்த மெஷினிலும் அப்படியே ஓடும்.

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அதோடு வளர்ந்தது மைக்ரோசாஃப்டின் டாஸ். சி.பி./எம். பின்தங்கியது. மனுஷன் சும்மா உட்காரவில்லை. 1985-ல் அவருடைய இன்னொரு நிறுவனம் ஒரு கலைக்களஞ்சியத்தையே சிடியில் ஏற்றியது.

1994-ல், 52 வயதில் மறைந்தார். பி.சி. சிடியிலிருந்து பூட் ஆவதற்கான பொது விதிமுறை வந்ததோ 1995-ல்! பயாஸும் அவர் தந்தது, சிடியும் அவர் உழைத்த இடம். இரண்டும் கைகோத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்றைய மெஷின்களில் யு.இ.எஃப்.ஐ. வந்துவிட்டது. ஆனாலும் நம்ம வாயில் வருவது பயாஸ்தான். நண்பர்களே, அடுத்த முறை டெலீட் கீயை அழுத்தும்போது அவரை ஒரு நிமிடம் நினையுங்கள்.