75 அடிக்கு அப்பால் ஒலித்த மணி

சென்ற ஆண்டு விடுதி அறையில் உட்கார்ந்து ஒரு சிறு கருவி செய்தேன். பழைய கைப்பேசி ஒன்று. எண்ணை அழுத்தும்போது எழும் ஒலியைப் பிரித்தறியும் எம்.டி. 8870 என்னும் ஐ.சி. ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. அவ்வளவே. நூலகத்தில் நின்று அழைத்து 1-ஐ அழுத்தினால் அறை விளக்கு எரியும். 2-ஐ அழுத்தினால் அணையும். என்றேனும் எங்கள் ஊர்க் கிணற்று மோட்டாரையும் இங்கிருந்தே ஓட்டலாம் என்று இறுமாந்திருந்தேன்.

முதலாண்டுத் தம்பி ஒருவன் சுற்றுப்படத்தைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. என் உழைப்பு எனக்கே என்று எண்ணினேன். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு பெரியாரின் வாழ்க்கை.

ஜகதீச சந்திர போஸ் 1858-இல் வங்காளத்தில் மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளிக்கே முதலில் அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளின் மகனும் அவருக்குத் தோழர்கள். பின் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் ஆனார்.

அங்கே காத்திருந்தது அவமதிப்பு. வெள்ளையர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்குதான் இந்தியருக்கு. பதவி தற்காலிகமானது என்று அதிலும் பாதியே அவருக்கு. போஸ் வாதாடவில்லை, வேலையை விடவுமில்லை. மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் அரசாங்கம் பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. அதைக் கொண்டு தந்தையின் கடனைத் தீர்த்தார்.

ஆராய்ச்சிக்கு வசதி ஏது? கல்லூரியின் சிற்றறை ஒன்றில், சொந்தச் செலவில், தகர வேலை செய்யும் ஒருவரைப் பழக்கி வைத்துக்கொண்டு கருவிகள் செய்தார். அவற்றிலிருந்து பிறந்தவை மில்லிமீட்டர் அளவேயுள்ள மின்காந்த அலைகள். 1895-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் அவற்றை ஏவிக் காட்டினார். அலை கவர்னரின் உடலையும் மூன்று சுவர்களையும் ஊடுருவி, 75 அடிக்கு அப்பாலிருந்த அறையை அடைந்தது. அங்கே மணி அடித்தது, துப்பாக்கி வெடித்தது.

மணியை அடித்தது அலையா? அன்று. அலைக்கு அவ்வளவு வலிமை இல்லை. உலோகத் துண்டுகள் தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் 'கொஹீரர்' மேல் அலை பட்டதும் அதன் மின்தடை குறைகிறது. சுற்றில் மின்னோட்டம் பாய்கிறது. எஞ்சிய வேலையைப் பக்கத்திலுள்ள மின்கலமே செய்கிறது. என் ரிலேயிலும் நடப்பது இதுவே அல்லவா? சிறிய சைகை கதவைத் திறக்கிறது. பெரிய மின்சாரம் உள்ளே நுழைகிறது. நான் புதிதென்று பொத்தி வைத்த தத்துவம் நூறாண்டுக்கும் மூத்தது!

இத்தனையும் கண்ட போஸ் எதையும் ஒளிக்கவில்லை. 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். 1901-இல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் கூட்டு வியாபாரத்துக்கு அழைத்தபோது மறுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவர் பெயருக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு பொருள் தேட அவர் முனையவில்லை. பின்னர் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். 1937-இல் மறைந்தார்.

கருவி செய்து கோடி திரட்டியோர் உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் பிறர் தந்த அறிவில் வளர்ந்துவிட்டு, அடுத்தவன் கேட்கும்போது கையை மூடிக்கொள்வது மாணவனுக்கு அழகாகுமா? அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் படத்தைத் தெளிவாக வரைந்து அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். மற்றொரு படி நம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 230 வோல்ட்டில் கை வைக்குமுன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.