சென்னையைப் பேரம் பேசி வாங்கிய பிரான்சிஸ் டே... பழகியது பழவேற்காடு ஏரிக்கரையில்!

ஆகஸ்ட் 22, சென்னை தினம் வந்தாலே பிரான்சிஸ் டே பெயரும் கூடவே வந்துவிடும். 1639-ல் மதராசபட்டினத்துக்கான உரிமையை நாயக்கரிடம் கேட்டு வாங்கிய கிழக்கிந்திய கம்பெனி ஊழியர். சரி, பேரம் பேச அவர் எங்கே பழகினார்? அந்தக் கதை சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியில் தொடங்குகிறது.

ஏரியின் தென்முனையில் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613-லேயே கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1621-ல் ஆங்கிலேயர்களும் அங்கே நுழைந்து, கோட்டைக் காவல் செலவில் பங்கு கொடுத்துப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை, இரண்டே வருஷத்தில் கிளம்பிவிட்டார்கள். பிறகு 1626-ல் ஏரியின் வடக்கே, மீனவர் குடியிருப்புகளுக்கு நடுவே, ஆர்மகானில் ஒரு பண்டகசாலை போட்டார்கள். இன்றைய ஆந்திராவின் துர்கராஜபட்டினம்தான் அது. 1630-களில் இதன் பொறுப்புக்கு வந்தவர் டே.

சுகமான வேலை இல்லை. ஆர்மகானில் கிடைத்த துணி சுமார் ரகம், விலையோ அதிகம். உள்ளூர் நாயக்கரோடு ஓயாத தகராறு. கம்பெனியிடமிருந்து பணமும் நேரத்துக்கு வராது. பக்கத்திலேயே வசதியான போட்டியாளர் வேறு! இன்று நிர்வாகக் கல்லூரிகளில் ஒருவர் வாங்குபவராகவும் இன்னொருவர் விற்பவராகவும் நடித்துப் பேரம் பழகுகிறார்கள். டேவுக்கு ஒத்திகை, உண்மை ஆட்டம் எல்லாமே ஆர்மகான்தான். கையில் காசு இல்லாதவன் எதை வைத்துப் பேசுவது என்பதை அவருக்கு அந்தக் கரைதான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

ஆர்மகான் தேறாது என்று தெரிந்ததும் 1637-ல் புதுச்சேரி வரை கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தார். 1639 ஜூலை கடைசியில் மதராசபட்டினம் வந்து இறங்கினார். எதிரில் இருந்தவர் வந்தவாசியை மையமாக வைத்து ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். அவருக்கும் தேவைகள் இருந்தன: பாரசீகக் குதிரைகள் வேண்டும், துறைமுகத்தில் வருமானம் வேண்டும், பழவேற்காட்டு டச்சுக்காரர்களுக்கும் சாந்தோம் போர்த்துகீசியர்களுக்கும் எதிராக ஒரு பலம் வேண்டும். அதாவது, டே கெஞ்ச வேண்டிய நிலையில் இல்லை. நடுவில் துபாஷாக நின்று பேசியவர் பேரி திம்மப்பா என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

கிடைத்தது பெரிய சலுகை. கோட்டை கட்டலாம், நாணயம் அடிக்கலாம், கோட்டையில் குடியேறிய பிறகு இரண்டு வருஷம் ஊரை முழுசாக நிர்வகிக்கலாம், அதன் பிறகு சுங்க வருமானத்தில் பாதி. துணியும் மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று மேலிடத்துக்கு எழுதினார். (சாசனத்தின் ஆங்கிலப் பிரதியில் ஜூலை 22 என்று இருக்கிறது. ஆனா டே வந்து சேர்ந்ததே அதற்குப் பிறகுதான் என்பதால் ஆகஸ்ட் 22 என்று எடுத்துக்கொள்கிறார்கள்.)

ஆனால் இவ்வளவு பழகியவரும் ஒரு இடத்தில் கோட்டை விட்டார், அதுவும் கோட்டை விஷயத்திலேயே! கோட்டையைத் தன் செலவில் நாயக்கரே கட்டித் தருவார் என்றுதான் டே புரிந்துகொண்டிருந்தார். 1640 பிப்ரவரி 20-ல், மசூலிப்பட்டினத்திலிருந்த மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனோடு வந்து இறங்கியபோது, அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நாயக்கர் கையை விரித்துவிட்டார். மொழிபெயர்ப்பில் நடந்த குழப்பமா, டே கேட்க விரும்பியதைக் கேட்டுக்கொண்டாரா? இரண்டும் கலந்ததாகத்தான் தெரிகிறது.

இதில் டேவின் வேலையே சிக்கலானது. கோட்டை முடியும்வரை வாங்கும் கடனுக்குத் தானே வட்டி கட்டுவதாக முன்பு சொல்லியிருந்தார். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அட, நாயக்கர் செய்ததை அவரே செய்துவிட்டார்! லண்டன் இயக்குநர்களுக்கு இந்தச் செலவு கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஆர்மகானைக் காலி செய்துவிட்டு எல்லோரும் புதிய கோட்டைக்கு வந்துவிட்டார்கள்.

1641-ல் டே இங்கிலாந்து போனார், அடுத்த வருஷமே திரும்பினார். 1643-ல் அதே புனித ஜார்ஜ் கோட்டையின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஒரு வருஷம்தான், 1644-ல் தாமஸ் ஐவி வந்துவிட்டார். டே பேசி முடித்த அந்தப் பாதி சுங்கப் பங்கோ, நாயக்கரின் ஆட்சி போய் கோல்கொண்டா ஆட்சி வந்த பிறகும் தொடர்ந்தது. கடைசியில் 1672-ல்தான், வருஷத்துக்கு 1,200 வராகன் என்று அது நிலையான தொகையானது.