சார்ல்ஸ் கெட்டரிங்

சார்ல்ஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங் (1876 – 1958) அமெரிக்காவைச் சேர்ந்த மின்பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கார் எஞ்சினைக் கையால் சுழற்றாமல் மின்சாரத்தால் துவக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இவரே. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் தீப்பொறி உண்டாக்கும் பேட்டரிப் பற்றவைப்பு முறை இன்றும் கெட்டரிங் முறை என்றே அழைக்கப்படுகிறது. டெல்கோ நிறுவனத்தை எட்வர்டு டீட்சுடன் இணைந்து தொடங்கிய இவர், 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

இளமை

ஒகையோ மாநிலத்தின் லவுடன்வில் ஊருக்கு அருகே ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1876 ஆகஸ்ட் 29 அன்று பிறந்தார். பார்வைக் குறைபாடும் அதனால் வந்த தலைவலியும் மாணவப் பருவம் முழுவதும் இவரைத் துன்புறுத்தின. சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் நோயால் படிப்பை நிறுத்த நேர்ந்தபோது தொலைபேசிக் கம்பி அமைக்கும் குழுவில் வேலை பார்த்தார். பின்னர் படிப்பைத் தொடர்ந்து 1904 இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். 1905 இல் ஆலிவ் வில்லியம்ஸ் என்பவரை மணந்தார்.

பணப்பதிவுப் பொறி

பட்டம் பெற்றவுடன் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் கைப்பிடியைச் சுழற்றி இயக்கிய பணப்பதிவுப் பொறியை மின் மோட்டாரால் இயங்கச் செய்தார். பணப்பெட்டியைத் திறக்கும் மோட்டார் ஒரு கணம் உழைத்தால் போதும், பின்பு ஓய்வுதான். ஆகவே சிறிய மோட்டாருக்கு அதன் தாங்குதிறனை மீறிய மின்னோட்டத்தைச் சில நொடிகள் கொடுத்தாலும் அது எரிந்துவிடாது. எளிய இந்த உண்மையே பின்னாளில் கார் துவக்கிக்கு அடிப்படையாயிற்று.

பற்றவைப்பும் துவக்கியும்

டீட்சின் வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் சிலருடன் ஓய்வு நேரங்களில் உழைத்து, கார்களுக்கான மேம்பட்ட பற்றவைப்பு முறையை உருவாக்கினார். காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்டு அதனை ஏற்றுக்கொண்டார். 1909 இல் டெல்கோ நிறுவனம் பிறந்தது.

அக்காலத்தில் காரைத் துவக்குவது ஆபத்தான வேலையாக இருந்தது. தீப்பொறி உரிய நேரத்திற்கு முன்பே விழுந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். முன்புறம் செருகியிருக்கும் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டையோ தாடையையோ முறித்துவிடும். லேலண்டின் நண்பரும் கார் உற்பத்தியாளருமான பைரன் கார்ட்டர் இவ்வாறு காயமுற்று 1908 இல் இறந்ததாகவும், அதனாலேயே லேலண்டு கெட்டரிங்கை நாடியதாகவும் பரவலாகக் கூறப்படுகிறது. கதையின் விவரங்கள் நூலுக்கு நூல் வேறுபடுவதால், அதை முழுமையாக நம்புவதற்கில்லை.

எஞ்சினைச் சுழற்ற எஞ்சின் அளவுக்கே பெரிய மோட்டார் தேவை எனப் பலர் கருதினர். பணப்பதிவுப் பொறியின் பாடம் அதைத் தகர்த்தது. கெட்டரிங்கின் கருவி முதலில் மோட்டாராக எஞ்சினைச் சுழற்றியது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவே டைனமோவாக மாறி பேட்டரிக்கு மின்னேற்றியது. துவக்கும்போது 24 வோல்ட், மின்னேற்றும்போது 6 வோல்ட் என மின்கலங்களின் இணைப்பு மாறியது. 1912 ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் கார்கள் துவக்கி, பற்றவைப்பு, மின்விளக்கு மூன்றும் ஒன்றிணைந்த இத்தொகுதியுடன் விற்பனைக்கு வந்தன. 1919 இல் ஃபோர்டு மாடல் டி காரிலும் மின் துவக்கி இடம்பெற்றது. தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இதற்கு 'செல்ஃப்' என்பதே பெயர்.

பழுதுகளும் கெட்டரிங் முறையும்

பழைய கார் பழுது பார்ப்பவர் இன்றும் கெட்டரிங் வகுத்த பாதையிலேயே செல்கிறார். பேட்டரி மின்சாரம் சுருள் (காயில்) வழியாகப் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளுக்கு வருகிறது. முனைகள் விலகும் கணத்தில் சுருளின் காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து பிளக்கில் பொறி தெறிக்கிறது. முனைகளிடையே வீண்பொறி எழாமல் காப்பது கண்டென்சர். அது கெட்டால் முனைகள் விரைவில் கருகும். பிளக்கின் பொறியும் வலுவிழக்கும். முனைகளின் இடைவெளி பல கார்களில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான், ஆகவே சிறு தேய்மானமும் எஞ்சினைப் பாதிக்கும்.

மூன்று வேலைகளும் ஒரே பேட்டரியை நம்பியிருப்பதே இம்முறையின் வலிமையும் குறையும். துவக்கி மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால், தளர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து சுருளுக்குப் போதிய மின்சாரம் கிடைப்பதில்லை. மோட்டார் சுழன்றாலும் எஞ்சின் பற்றாது. அதே காரைத் தள்ளிவிட்டால் பற்றிக்கொள்வதன் காரணம், எஞ்சியுள்ள மின்சாரம் முழுவதும் பற்றவைப்புக்கே செல்வதுதான். இங்கே பாயிண்டை மாற்றிப் பயனில்லை. பேட்டரி முனைகளில் உப்புப் படிந்துள்ளதா, டைனமோ மின்னேற்றுகிறதா என்றே முதலில் பார்க்கவேண்டும். மாறாக, மோட்டார் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பற்றாவிட்டால் பாயிண்ட், கண்டென்சர், எரிபொருள் ஆகியவற்றை ஆராய்வதே முறை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் பெட்ரோல் எஞ்சின்களும் பாயிண்ட் கொண்ட இம்முறையில் ஓடியவையே.

ஈயம் கலந்த பெட்ரோல்

இவரது பற்றவைப்பு முறையால்தான் எஞ்சினில் தட்டொலி எழுகிறது எனப் போட்டியாளர்கள் குறை கூறினர். காரணத்தைக் கண்டறியும் பணியை உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் ஒப்படைத்தார். குறை எரிபொருளில் இருப்பது தெரியவந்தது. 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் தட்டொலியை நீக்குவதை மிட்ஜ்லி கண்டறிந்தார். 1924 இல் தொடங்கிய எத்தில் நிறுவனத்துக்குக் கெட்டரிங்கே முதல் தலைவர். அதே ஆண்டு நியூ ஜெர்சியின் பேவேயில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் ஈய நஞ்சால் இறந்தனர். ஈயத்தின் நச்சுத்தன்மை அன்றே மருத்துவர்கள் அறிந்தது, எச்சரிக்கைகளும் எழுந்தன. இருந்தும் விற்பனை தொடர்ந்தது. தம் கண்டுபிடிப்பின் மீது விழுந்த பழியைத் துடைக்கத் தொடங்கிய ஆய்வு, பல தலைமுறைக் குழந்தைகளின் உடலில் ஈயத்தைச் சேர்த்தது. இந்தியாவில் 2000 ஆம் ஆண்டிலும், கடைசியாக அல்ஜீரியாவில் 2021 இலும் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது.

பிற்காலம்

1923 இல் செவ்ரொலே காரில் இவர் புகுத்திய, செப்புத் தகடுகளைக் கொண்டு காற்றால் குளிரூட்டும் எஞ்சின் படுதோல்வி அடைந்தது. கார்கள் திரும்பப் பெறப்பட்டன. விரைந்து உலரும் டூக்கோ வண்ணப்பூச்சு, தொடர்வண்டிகளுக்கான டீசல் எஞ்சின் ஆகியவை வெற்றி பெற்றன. 1945 இல் நியூ யார்க்கில் சுலோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தோன்றியது. 1958 நவம்பரில் டேட்டனில் காலமானார். அந்நகரை அடுத்துள்ள கெட்டரிங் நகரும், 1998 இல் பெயர் மாற்றப்பட்ட ஃபிளின்ட் நகரின் கெட்டரிங் பல்கலைக்கழகமும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.