முப்புரி கண்ட இயற்பியலாளர்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நேரும்போது, காயமுற்றவரிடம் மருத்துவர் உடனே கவனிப்பவற்றுள் இரண்டு, தீயில் வெந்த தோலும் அதிர்வில் அடிபட்ட தலையும் ஆகும். தோலுக்கு உறுதி தருவது கொல்லாஜன் என்னும் புரதம். மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் நிலையைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். தொடர்பற்றனவாகத் தோன்றும் இவ்விரண்டின் அறிவியலிலும் ஒரே மனிதரின் உழைப்பு கலந்துள்ளது. அவர் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர்.

ஜி. என். இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் ஈர்ப்பு அவரை இயற்பியலுக்கே மீட்டது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952இல் முப்பது வயது நிரம்புமுன்னரே சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிஞர் பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் புரியாப் புதிராகவே இருப்பதை எடுத்துரைத்தார். கிண்டி வளாகத்தின் அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது வாய்ப்பாயிற்று. கங்காருவின் வால் நாணிலிருந்து பெற்ற கொல்லாஜனின் ஊடுகதிர்ப் படங்களை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்தனர். மூன்று இழைகள் இணைந்த அமைப்பை 1954இலும், அவ்விழைகள் கயிற்றின் புரிகளைப்போல ஒன்றையொன்று சுற்றி முறுகுவதை 1955இலும் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்ட கிரிக்கும் அவருடன் பணியாற்றிய ரிச்சும், அணுக்கள் இவ்வளவு நெருங்கி அமைய இயலாது என்றும், ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை மிகுதி என்றும் வாதிட்டனர். பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் கூறியதே பின்னர் ஏற்கப்பட்டது. முப்புரி அமைப்போ நிலைத்தது. ஆனால், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினாவை இராமச்சந்திரன் விட்டுவிடவில்லை. வெளியான படிக அமைப்புகளைத் திரட்டி, அணுக்களிடையே அமையக்கூடிய மிகக் குறைந்த தொலைவுகளைக் கணக்கிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உண்டு. அவற்றுள் எவை இயலும், எவை இயலா என்பதை ஒரே வரைபடத்தில் காட்டிவிடலாம் எனக் கண்டார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட இப்படமே இராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் எங்குப் புரத அமைப்பொன்று கண்டறியப்பட்டாலும், அதன் பிழையைச் சோதிக்க இவ்வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். மறுப்புரை ஒன்று இத்தகைய பயனை விளைத்தது அறிவியல் வரலாற்றில் அரிது.

1971இல் பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். அதே ஆண்டு, ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து மற்றொரு கட்டுரை வெளியிட்டார். ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. முன்னிருப்பதும் பின்னிருப்பதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவை மீட்க, அந்நாளில் ஃபூரியர் உருமாற்றம் என்னும் நெடிய கணக்கு தேவைப்பட்டது. ஒவ்வொரு நிழலையும் முதலில் கூர்மைப்படுத்தி, வந்த திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் போதும் என இவர்கள் காட்டினர். வானொலி வானியலில் இதையொத்த முறை முன்னரே கையாளப்பட்டிருந்தது. ஆயினும் ஊடுகதிர்ப் படத்திற்கு அதைப் பொருத்திக் கணினியின் நேரத்தைக் குறைத்த பெருமை இவர்களுடையது. அவ்வாண்டு அக்டோபரில் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அக்கருவி வேறு கணக்குமுறையைக் கொண்டிருந்தது. பின்வந்த கருவிகளோ பல்லாண்டுகள் வடிகட்டித் திரும்பப் பரப்பும் இம்முறையையே பின்பற்றின. அதன் வடிப்பி ஒன்றுக்கு இருவர் பெயரையும் சுருக்கி ராம்-லக் என வழங்குகின்றனர்.

1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு அப்பரிசு எத்துறையிலும் வழங்கப்படவில்லை. 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். படிகவியலுக்கான எவால்டு பரிசு 1999இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் துணைவியார் இராஜலட்சுமி மறைந்திருந்தார். நடுக்குவாதம் என்னும் மூளை நோய் அவரை வாட்டியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.