டன்கர்க் கடற்றலைவர்

கடல் யுத்தத்தில் கீர்த்தி பெற்றோரின் சரித்திரத்தைப் படிக்கும்பொழுது, அவர்களுடைய பராக்கிரமத்தை வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அது யாருக்குப் பயன்பட்டது என்ற வினாவையும் எழுப்புதல் வேண்டும். பிளெமிஷ் கடற்படைத் தலைவர் ஜாகப் கோலார்ட்டின் வாழ்க்கை இதற்கு ஏற்றதோர் உதாரணமாகும்.

இப்பொழுது பிரான்ஸைச் சேர்ந்த டன்கர்க் துறைமுகம் அக்காலத்தில் பிளாண்டர்ஸின் பகுதியாய் ஸ்பானிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வடக்கேயிருந்த டச்சு மாகாணங்களோ 1581-ல் அம்மன்னருக்கு அடங்கோமெனப் பிரகடனம் செய்துவிட்டன. 1609-ல் ஏற்பட்ட பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் 1621-ல் முடிவுறவே, யுத்தம் மீண்டும் மூண்டது. தரையில் அடக்க இயலாத எதிரியின் வியாபாரத்தைக் கடலில் நாசமாக்குவதே ஸ்பெயின் கைக்கொண்ட உபாயம். எதிரியின் கப்பல்களைக் கைப்பற்றத் தனியார் கப்பல்களுக்கு அரசாங்கமே அனுமதிப் பத்திரம் அளித்தது. ஸ்பெயினுக்கு இவர்கள் போர்வீரர். டச்சுக்காரருக்கோ வெறும் கொள்ளைக்காரர். பிடிபட்ட டன்கர்க் மாலுமிகளைக் கடலில் தள்ளிவிடும் கொடிய வழக்கமும் டச்சுக்காரரிடையே இருந்தது.

இத்தகைய யுத்தத்தில் தேர்ந்த கோலார்ட், அரச கடற்படையில் உயர்ந்த ஸ்தானத்தை அடைந்தார். 1635 ஆகஸ்டில், டன்கர்க்கைச் சூழ்ந்திருந்த டச்சு முற்றுகையைக் கடந்து அவருடைய படை வெளியேறிற்று. வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடித்துக்கொண்டிருந்த கலங்கள்மீது பாய்ந்து, சில தினங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அழித்தது. 900-க்கு மேற்பட்ட மீனவர் சிறைப்பட்டனர். ஹெர்ரிங் மீனே டச்சுக்காரரின் செல்வத்துக்கு அடிப்படைகளில் ஒன்று. ஆதலால் அடி பலமாக விழுந்தது.

வெற்றி நீடிக்கவில்லை. 1636 பிப்ரவரியில் டியெப் நகருக்கு அப்பால், டச்சுத் தளபதி யோஹான் எவர்ட்ஸன் அவரைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தார். கோலார்ட் விடுதலை பெற்றும் நெடுநாள் வாழவில்லை. 1637-ல் ஸ்பெயினின் கொருன்னா துறைமுகத்தில் காலமானார்.

அவரைக் கூலிக்கு உழைத்தவரென்று இகழ்வது நியாயமன்று. ஸ்பானிஷ் மன்னரே அவருக்குச் சட்டப்படி அரசர். மன்னரின் கத்தோலிக்க மதமே டன்கர்க்கின் மதம். முற்றுகையால் அவ்வூராரும் துன்புற்றனர். ஆயினும் அவர் சிறைசெய்த மீனவர் பேசியது ஏறக்குறைய அவர் தாய்மொழியையே. ஒரே மொழியினரை இரு கூறாக்கிய அரசியல், ஓர் ஏழையின் வலையை மற்றோர் ஏழையைக் கொண்டே அறுப்பித்தது.

பலன் யாது? 1639-ல் டௌன்ஸ் கடற்போரில் ஸ்பானிஷ் கப்பற்படை சிதைந்தது. 1646-ல் டன்கர்க்கைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1648-ல் டச்சுக்காரரின் சுதந்திரத்தை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. எரிந்த கலங்களின் சாம்பல் அந்தச் சுதந்திரத்தைத் தடுக்கவில்லை. கோலார்ட்டின் துணிவைப் போற்றுகிறோம்; அது தன் மொழியினரின் விடுதலைக்கு எதிராகச் செலவானதற்கு வருந்துகிறோம். ஆற்றல் மிக்க இளைஞரை ஆதிக்கங்கள் எவ்வாறு பயன்படுத்திக்கொள்கின்றன என்பதை அறிய விரும்புவோர், இவருடைய சரித்திரத்தை ஊன்றிக் கற்பாராக.