சிலையில் விழுந்த வடு

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் சிலையாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் திருமலை நாயக்கர். பருத்த உடல், கூப்பிய கைகள், பக்கத்தில் தேவியர். மண்டபத்தைக் கட்டியவரும் அவரே.

1623-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்த அவர், 36 ஆண்டுகள் ஆண்டார். திருச்சியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றினார். 1636-ல் மகாலைக் கட்டினார். வண்டியூரில் தெப்பக்குளம் வெட்டினார். மதுரையின் அதிகாரம் சேலம் சீமையிலும் செல்லுபடியாயிற்று. ஜலகண்டாபுரத்துக்கு அருகே தாரமங்கலத்தில் கோயில் திருப்பணி செய்த கெட்டி முதலிகளும் மதுரைக்கு அடங்கியவர்களே.

இவ்வளவு பெரிய மன்னரின் மனத்தை ஒரு சிறு கல் ஆட்டி வைத்துவிட்டது! மதுரை மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது.

கல் தெறித்தது!

புது மண்டபத்தின் தலைமைச் சிற்பி சுமந்திரமூர்த்தி ஆச்சாரி. ராணியின் சிலையைச் செதுக்கும்போது, தொடையில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. வேறு கல் எடுத்தார். அதிலும் அதே இடத்தில் சில்லு தெறித்தது. ஆச்சாரி பயந்து போனார்.

அமைச்சர் நீலகண்ட தீட்சிதரிடம் ஓடினார். தீட்சிதர் பெரிய பண்டிதர், அம்பாள் உபாசகர். கண்ணை மூடிச் சற்று யோசித்தார். ராணிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்க வேண்டும், வடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சந்தேகத் தீ

சிலையைப் பார்க்க மன்னர் வந்தார். வடுவைக் கண்டு காரணம் கேட்டார். ஆச்சாரி நடந்ததைச் சொன்னார். மன்னரின் முகம் கறுத்தது. கணவனுக்கு மட்டுமே தெரிந்த அடையாளம் அமைச்சருக்கு எப்படித் தெரிந்தது? தீட்சிதரை உடனே அழைத்து வரும்படி ஆள் அனுப்பினார்.

தீட்சிதர் அப்போது பூஜையில் இருந்தார். அழைப்பின் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. மன்னர் தரும் தண்டனைக்கு அவர் காத்திருக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தால் தம் இரு கண்களையும் பொசுக்கிக்கொண்டார்!

செய்தி கேட்டு மன்னர் பதறினார். ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். தீட்சிதர் மீனாட்சியம்மனை நினைத்து 'ஆனந்த சாகர ஸ்தவம்' பாடினார். பார்வை திரும்பியது என்பார்கள். ஆனால், பிறகு அவர் மதுரையில் தங்கவில்லை. நெல்லைச் சீமையில் பாலாமடைக்குப் போய்விட்டார். அவரது சமாதி அங்கே இருக்கிறது.

மன்னர் 1659-ல் காலமானார். அவரிடம் படை இருந்தது, பொன் இருந்தது. ஒரு நாள் சந்தேகத்தால் இழந்த நண்பரை மீட்க அவை உதவவில்லை. புது மண்டபத்தில் கை கூப்பி நிற்கும் அவரைக் காட்டி, பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இந்தக் கதையைத்தான்.